நர்ஸம்மாவுக்கு யார் ஆறுதல்?

என் அத்தை போடும் நார்த்தங்காய் ஊறுகாய் எங்கள் தெருவில் பிரசித்தம். அது ஓர் ஆஸ்பத்திரி வார்டிலும் பிரசித்தமான கதையைக் கேளுங்கள்.

அத்தைக்குப் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒரு தரம் மருந்து ஏற்ற அவளை அழைத்துப் போவது என் பொறுப்பு. போகும்போதெல்லாம் கையில் ஒரு சின்ன டப்பா இருக்கும். அங்கே ஓர் இளம் நர்ஸுக்காக! "விடியறதுக்குள்ளே எழுந்து தயிர் சாதத்தைக் கட்டிண்டு ஓடி வரதுடா அந்தப் பொண்ணு. தொட்டுக்க ஒண்ணும் இல்லையாம், பாவம்!" என்பாள் அத்தை.

ஊசி ஏற ஏற, கையில் நரம்பு அகப்படாமல் போயிற்று. இரண்டாம் தரம் குத்த நேர்ந்தால் அத்தை சிரிப்பாள். கண் கலங்குவது நர்ஸ்தான்.

அத்தை காலமானாள். சில காகிதங்கள் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் கடைசியாகப் போட்ட ஊறுகாயை மறக்காமல் எடுத்துப் போனேன். டப்பாவை வாங்கிய அந்தப் பெண் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். இரண்டு நிமிஷம் இருக்கும். யாரோ "ஸிஸ்டர்!" என்று கூப்பிட்டார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு புன்னகையோடு போனாள்.

திரும்பி வந்தவளிடம், "உனக்கு யாரம்மா ஆறுதல் சொல்வார்கள்?" என்று கேட்டேன்.

"பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் போதும், ஸார். வீட்டுக்குப் போவதற்குள் அழுது முடித்துவிடுவேன். குழந்தை பயந்துவிடும், பாருங்கள்" என்றாள்.

யோசித்துப் பாருங்கள். காய்ச்சல்காரர் நாலு நாளில் குணமாகிப் போய்விடுவார். நர்ஸுக்கு அவர் பெயர்கூட மனத்தில் நிற்காது. புற்றுநோய் அப்படியல்ல. மாதக் கணக்கில் வந்து வந்து, நோயாளி உறவாகிவிடுகிறார். ஒரு நாள் அவர் வருவதில்லை. விரிப்பை மாற்றுகிறார்கள், அதே படுக்கையில் இன்னொருவர் வந்து உட்காருகிறார். துக்கம் கொண்டாட நர்ஸுக்கு ஏது அவகாசம்?

"மனத்தைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டியதுதானே?" என்பீர்கள். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1960-ம் வருஷ வாக்கில் இஸபெல் மென்ஸீஸ் என்ற அம்மையார் லண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி நர்ஸுகளைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். அங்கே நோயாளிக்குப் பெயர் கிடையாது. 'பத்தாம் நம்பர் படுக்கை ஈரல்' என்பார்கள். பாசம் ஒட்டாதபடி நர்ஸுகளை வார்டு வார்டாக மாற்றுவார்கள். பலன்? கவலை குறையவில்லை; வேலையில் கிடைக்கும் திருப்திதான் குறைந்தது. நல்ல பெண்கள் பலர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள்.

வேறு வழியைக் காட்டியவர் ஒரு நோயாளி. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வக்கீல் கென்னத் ஷ்வார்ட்ஸ் நாற்பது வயதில் நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளானார். வைத்தியத்தோடு, தம் கையைப் பற்றி அன்பாக நாலு வார்த்தை பேசியவர்களும் தமக்குத் தெம்பு தந்தார்கள் என்று எழுதிவிட்டு 1995-ல் மறைந்தார். அவர் பெயரால் 1997-ல் மாஸசூஸட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் ஆரம்பமாயிற்று. டாக்டர், நர்ஸ் எல்லாரும் சேர்ந்து உட்காருவார்கள். பேச்சு வியாதியைப் பற்றியல்ல. 'அன்று என் மனம் என்ன பாடுபட்டது' என்பதைப் பற்றி! இன்று இங்கிலாந்திலும் பல ஆஸ்பத்திரிகளில் இது நடக்கிறது.

நம் ஆஸ்பத்திரிகளிலும் மாதம் ஒரு மணி நேரம் இப்படி ஒதுக்கினால் குடி முழுகிவிடாது. பஸ் ஜன்னலிடம் சொல்லி அழுவதைப் பக்கத்தில் இருக்கும் தோழியிடம் சொல்லி அழலாம் அல்லவா?

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. குணமாகி வீட்டுக்குப் போனவர்கள் அந்த வார்டுப் பக்கம் மறுபடி எட்டிப் பார்ப்பது அபூர்வம். அதனால் நர்ஸின் கண்ணில் படுகிறவர்கள் எப்போதும் நோயில் இருப்பவர்களே. தன் கைகள் பிழைக்கவைத்தவர்களை அவள் பார்ப்பதே இல்லை!

ஆகையால், பிழைத்து எழுந்த புண்ணியவான்களே! வருஷத்துக்கு ஒரு தரம் அந்தப் படியேறி, "நான் சௌக்கியமாக இருக்கிறேன், அம்மா" என்று சொல்லிவிட்டு வாருங்கள். கையில் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும் இருந்தால் விசேஷம்!