கம்ப்யூட்டர் வந்தால் போதுமா?

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கம்ப்யூட்டர் மயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. அப்போதைய கணக்கில் நாடு முழுவதும் 63,000 சங்கங்கள்; மதிப்பீடு ரூ.2,516 கோடி. நல்ல திட்டம்தான். ஆனால் இயந்திரம் வாங்குவது எளிது. அதனால் உறுப்பினருக்குப் பயன் கிடைக்கச் செய்வதில்தான் நிர்வாகிகளின் திறமை இருக்கிறது.

இதற்கு மத்தியப் பிரதேசத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. ஐ.டி.சி. நிறுவனம் 2000-ம் ஆண்டு சோயா மொச்சை கொள்முதலுக்காக அங்கே 'இ-சௌபால்' திட்டத்தைத் தொடங்கியது. சௌபால் என்றால் ஊர்ச்சாவடி. அதற்கு முன்பு, மண்டிக்கு வண்டி கட்டிச் சென்ற பிறகே விவசாயிக்கு விலை தெரியும். விலை கட்டாவிட்டாலும், வண்டி வாடகைக்குப் பயந்து விற்றுவிட்டுத் திரும்புவார்.

நிறுவனம் கம்ப்யூட்டரைத் தன் அலுவலகத்தில் பூட்டி வைக்கவில்லை. ஊர் விவசாயி ஒருவரின் வீட்டிலேயே வைத்தது. அன்றைய விலையை அவர் இந்தியில் படித்து மற்றவர்களுக்குச் சொன்னார். விலை தெரிந்த பின் யாரிடம் விற்பது என்பது விவசாயியின் விருப்பம். டெலிபோனையும் மின்சாரத்தையும் நம்ப முடியாத ஊர்களில் செயற்கைக்கோள் இணைப்பும் சூரிய மின்சாரமும் அமைக்கப்பட்டன. பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய மண்டித் தரகர்களுக்கும் புதிய ஏற்பாட்டில் வேலையும் கமிஷனும் தரப்பட்டன.

கூட்டுறவுச் சங்க நிர்வாகிகள் இதிலிருந்து கற்க வேண்டியவை பல. எழுத்தருக்கும் செயலாளருக்கும் போதிய பயிற்சி தராமல் பேரேட்டை மூடக் கூடாது. சில மாதங்களுக்கேனும் பேரேடும் கம்ப்யூட்டரும் சேர்ந்தே நடக்க வேண்டும். சம்பாவுக்குக் கடன் கேட்டு உறுப்பினர்கள் வரிசையில் நிற்கும்போது புதிய முறையைப் பழகுவது தவறு. வேலை குறைந்த கோடையே அதற்கு ஏற்றது. மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடும் இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம், பழைய கணக்கை ஏற்றுவது. பேரேட்டில் உள்ள பிழை கம்ப்யூட்டருக்குள் போனால் அது திருந்திவிடாது. மறுக்க முடியாத கணக்காகிவிடும். தமிழ்நாட்டில் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை. கட்டிய தேதி தவறாக ஏறினால், ஒழுங்காகக் கட்டியவரும் தவணை தவறியவர் ஆவார். வட்டிச் சலுகை போகும், அடுத்த கடனும் தடைப்படும். ஆகவே, ஏற்றும் முன் ஒவ்வொரு உறுப்பினருக்கும் அவரது கடன் பாக்கி, பங்குத் தொகை, சர்வே எண் ஆகியவற்றைப் படித்துக் காட்டிக் கையெழுத்துப் பெறுவது நிர்வாகத்தின் கடமை. இதற்கு நாள் பிடிக்கும் என்று சிலர் சொல்லக்கூடும். பின்னால் அலையும் நாட்களை எண்ணினால் இது அதிகமில்லை.

பணம் கட்டியதும், உரம் வாங்கியதும் தமிழில் அச்சிட்ட ரசீது அந்த இடத்திலேயே கைக்கு வர வேண்டும். இதைச் செய்யாத சங்கத்தில் எத்தனை கம்ப்யூட்டர் இருந்தும் உறுப்பினருக்குப் பயனில்லை.

விவசாயிகளும் வாளாவிருக்கக் கூடாது. பழைய ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருந்து, ஏற்றிய கணக்கின் நகலைக் கேட்டு வாங்கி ஒப்பிட வேண்டும். தவறு இருந்தால் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பேரவைக் கூட்டத்திலும் எழுப்ப வேண்டும். சங்கம் உறுப்பினர்களுடையது; அதன் கணக்கும் அவர்களுடையதே.