சரள் குழி குளமாகட்டும்!

மழைக்காலத்தில் தண்ணீர் நம் வீட்டைத் தேடி வருகிறது. கோடையில் நாம் தண்ணீரைத் தேடிப் போகிறோம். தாமிரபரணியின் கடைக்கோடியில் வாழும் ஜனங்களின் கதை இது.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை ஏரல் மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆறு கரை மீறியது. ஏரல் கடைவீதி மூழ்கியது. சாலை துண்டிக்கப்பட்டு ஊர் தீவாயிற்று. அந்த வெள்ளம் கடைசியில் எங்கே போயிற்று? கடலுக்குத்தான் போயிற்று!

வெட்டிய குழி வீணாகலாமா?

ரோடு போடச் சரள் வேண்டும். மனையை மேடாக்கவும் சரள் வேண்டும். அதற்காக நிலத்தை வெட்டுகிறார்கள். சரள் தீர்ந்ததும் லாரிகள் போய்விடுகின்றன. குழி மட்டும் கிடக்கிறது.

அப்படிக் கிடக்கும் குழி பொல்லாதது. அதன் கரை செங்குத்தாக இருக்கும். ஆழம் தெரியாது. குளிக்கப் போன பிள்ளைகள் குவாரிக் குழியில் மூழ்கினார்கள் என்ற செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்!

அதே குழியைக் குளமாக்கினால் என்ன? ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு ஏக்கர் பரப்பும் 10 அடி ஆழமும் உள்ள குழியில் சுமார் 1 கோடியே 20 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும். வெயிலிலும் மண்ணிலும் பாதி போய்விட்டாலும், மீதி 60 லட்சம் லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீதம், ஆயிரம் பேருக்கு நூறு நாளுக்கு மேல் வரும்.

மண்ணில் இறங்கிய நீரும் வீண் அல்ல. அது பக்கத்துக் கிணறுகளில் ஊறும். கடலோரத்தில் நல்ல நீர் மட்டம் உயர்ந்தால் உப்பு நீர் உள்ளே ஏறாது. வாழைக்கும், ஆத்தூர் வெற்றிலைக்கும் அது நல்லதுதானே?

செய்து காட்டியிருக்கிறார்கள்

இது வெறும் கனவு அல்ல. சென்னைக்கு அருகே மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகள் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டு ஏரிகள் வறண்டபோது, அங்கே தேங்கிய மழைநீரைச் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு சென்று நகருக்குக் கொடுத்தார்கள். 2019 பஞ்சத்திலும் அந்தக் குவாரிகள் கைகொடுத்தன.

இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரருகே, டிரென்ட் ஆற்றங்கரையில் சரளைக்கல் எடுத்த பள்ளங்கள் நீர்நிலைகளாக மாறின. 1966ஆம் ஆண்டு அந்த இடம் பறவைகளுக்கான காப்பிடமாகத் திறக்கப்பட்டது. நம் தாமிரபரணிக் குளங்களுக்கும் நீர்ப்பறவைகள் வருகின்றன. 2011 முதல் அவற்றைக் கணக்கெடுத்தும் வருகிறார்கள். குளம் கூடினால் பறவையும் கூடும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலில் தண்ணீர் வர ஒரு கால்வாயும், மிஞ்சியது போக ஒரு மறுகாலும் வேண்டும். செங்குத்தான கரையைச் சரிவாக்க வேண்டும். ஒரு பக்கம் ஆழம் குறைவாக இருந்தால் கோரையும் நாணலும் முளைக்கும்; மீனும் பறவையும் தங்கும். ஆழமான பக்கத்தில் வேலி வேண்டும். குப்பையும் சாக்கடையும் உள்ளே வரக்கூடாது. குடிக்கக் கொடுக்குமுன் நீரைச் சோதித்துச் சுத்திகரிக்க வேண்டும்.

டிசம்பர் வெள்ளம் போன்ற பெருவெள்ளத்தை இந்தக் குழிகள் தடுத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. இருக்கும் குளங்களைத் தூர்வாராமல் இதை மட்டும் செய்வதும் சரியல்ல.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. "குளம் வெட்டுகிறோம்" என்று சொல்லிப் புதிதாகச் சரள் அள்ள யாருக்கும் இடம் கொடுக்கக்கூடாது. வெட்டி முடிந்த குழியைத்தான் குளமாக்க வேண்டும்.

செலவு யாருடையது? சரள் விற்றுப் பணம் பார்த்தவர்கள் சும்மா போகலாமா? 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012ஆம் ஆண்டே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. கரையைச் சரிவாக்கி ஒப்படைத்தால்தான் குவாரிக்காரரின் முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்று சர்க்கார் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

நமக்கும் வேலை இருக்கிறது. மே 1ஆம் தேதி கிராம சபை கூடும். "எங்கள் ஊரில் எத்தனை குழிகள் கிடக்கின்றன? அவற்றுக்கு என்ன வழி?" என்று எழுந்து கேளுங்கள். தாய்மார்களும் கேளுங்கள், குடம் சுமப்பவர்கள் நீங்கள்தானே!

மே மாதம் கேட்டால், ஐப்பசி மழைக்குள் கால்வாய் வெட்டிவிடலாம்.