சாப்ட்வேர் இண்டர்வியூவும் தலைவிதியும்

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் உத்தியோகத்துக்கு இண்டர்வியூ போய்த் தோற்றுவரும் வாலிபர்களில் சிலர் "எல்லாம் தலைவிதி" என்று உட்கார்ந்துவிடுவதையும், பெற்றோர்கள் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடுவதையும் பார்க்கிறோம். இண்டர்வியூ அறையில் என்ன கேட்கிறார்களென்று ஜோசியனுக்குத் தெரியுமா? தட்சணை வாங்கத்தான் தெரியும். ஆதலால் அங்கு நடப்பதை நாமே சொல்லிவிடுகிறோம்.

முதலில் கம்ப்யூட்டர் மூலமாகவோ டெலிபோனிலோ ஒரு சிறு பரீட்சை. தேறியவர்களைப் பெரிய கம்பெனிகளில் நான்கைந்து பேர், ஆளுக்கு முக்கால் மணி நேரம் போல, தனித்தனியே விசாரிப்பார்கள். ஒரு கணக்கைக் கொடுத்து வெள்ளைப் பலகையிலோ, கம்ப்யூட்டர் திரையிலோ, அவர்கள் கண்ணெதிரிலேயே புரோகிராம் எழுதச் சொல்வார்கள். எழுதும்போதே யோசனையை வாய்விட்டுச் சொல்லவேண்டும். நூறு உருப்படிக்கு ஓடும் புரோகிராம் பத்து லட்சத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பார்கள். கூட வேலை செய்தவரோடு தகராறு வந்தபோது என்ன செய்தாய் என்பார்கள். பிறகுதான் சம்பளப் பேச்சு.

நிற்க, இந்தப் பரீட்சை அளப்பது அறிவைத்தானா? ஹோம்புரூ என்ற பிரபல கருவியைச் செய்த மாக்ஸ் ஹோவெல் என்பவர், பலகையில் ஒரு பைனரி ட்ரீயைத் திருப்பிப்போட முடியாததால் கூகுள் தம்மை வேண்டாமென்றுவிட்டதாக 2015-ல் பகிரங்கமாகச் சொன்னார். அதே கூகுளில் ஆள் எடுக்கும் இலாகாவின் தலைவராயிருந்த லாஸ்லோ பாக், அங்கு முன்பு கேட்டுவந்த விடுகதைக் கேள்விகள் வீண் என்றும், கேட்பவர் தம்மைக் கெட்டிக்காரராக எண்ணிக்கொள்ளவே அவை உதவின என்றும் 2013-ல் ஒப்புக்கொண்டார்.

இன்னும் கேளுங்கள். அமெரிக்காவில் வட கரோலினா மாகாண சர்வகலாசாலையாரும் மைக்ரோசாப்ட்டாரும் 48 மாணவர்களை வைத்துச் செய்த பரீட்சை 2020-ல் வெளியாயிற்று. ஒரு சாரார் ஆள் பார்த்திருக்கப் பலகையில் எழுதினர்; மறுசாரார் தனியறையில் எழுதினர். பார்க்கப்பட்டவர்களின் திறமை பாதிக்கும் கீழே போயிற்று. பார்க்கப்பட்ட பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. தனியே எழுதிய பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள். 48 பேர் கொஞ்சந்தான். ஆனாலும், பெண்ணுக்குப் பிறவியிலேயே மூளை குறைவென்று உளறும் மேதாவிகள் இதற்கு என்ன சமாதானம் சொல்வார்கள்?

உள்ளே அண்ணனோ மாமனோ இருக்கிற வீட்டுப் பையன் இந்த முறைகளையெல்லாம் முன்பே தெரிந்து மாதக்கணக்கில் பழகிவிட்டுப் போகிறான். தகப்பன் ஆபீசையே கண்டிராத கிராமத்துப் பிள்ளை அந்த அறையில்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறான். அவன் தோற்றால் "திறமையில்லை" என்று முத்திரை! மேலும், பெரியவர் முன் வாய்பேசாமல் நிற்பதே மரியாதையென்று நாம் பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கிறோம். அங்கோ மௌனம் என்றால் தெரியாது என்றே அர்த்தம். கேள்வி விளங்காவிட்டால் திருப்பிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனமல்ல. அப்படிக் கேட்பதற்கும் மார்க் உண்டு.

கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லோருக்கும் ஒரே கேள்விகள், முன்பே வகுத்த மார்க்கு என்னும் முறையே ஆள் எடுப்பதில் முதலிடம் பெறுவதாக 2022-ல் வெளியான ஆராய்ச்சி காட்டுகிறது. அப்படியிருக்க, என்ன மாதிரி கேட்போமென்பதை எல்லோருக்கும் முன்கூட்டியே எழுதி அனுப்புவதில் இவர்களுக்கு நஷ்டமென்ன?

அவர்கள் செய்கிறவரையில் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இவ்வுத்தியோகத்தில் இருக்கும் நம் தோழர்கள் லீவில் ஊருக்கு வரும்போது, படிப்பகத்தில் ஒரு கரும்பலகையை நிறுத்தி, நாலு பிள்ளைகளை எல்லோர் முன்னிலையிலும் எழுதி, வாய்விட்டுப் பேசச் செய்யவேண்டும். பெண்பிள்ளைகளை முதலில் அழைக்கவேண்டும்.