உடைக்கிறதுக்கு மெக்கானிக் எதுக்கு?

முதலிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 'வின்டேஜ்' என்ற வார்த்தையைக் கறாராகப் பார்த்தால் 1919-லிருந்து 1930 வரை வந்த கார்களுக்குத்தான் போட வேண்டும். ஆனால் மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கிற வண்டியும் வின்டேஜ்தான். 'விஏ' என்ற எழுத்தோடு தனி நம்பர் பிளேட் கிடைக்கும். ஆக, 1970 மாடல் அம்பாசடர் வைத்திருக்கிற திருமங்கலத்துப் பெரியப்பாவும் வின்டேஜ் கார் ஓனர்தான், சிரிக்காதீர்கள் :-)

அந்த விதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. நம்மூர்ப் பழைய வண்டிகள் பாதி மண்ணைக் கவ்வுவது இங்கேதான். எஞ்சினை யாரும் ஆசைப்பட்டு மாற்றுவதில்லை. ஒரு போல்ட்டில் ஆரம்பிக்கும்.

எப்படி என்று கேளுங்கள். பெரியப்பாவின் அம்பாசடர் ஆறு வருஷம் வேப்பமரத்தடியில் நின்றது. ஓட வைக்கலாம் என்று ஒரு பட்டறையில் விட்டோம். எந்தப் பட்டறை என்று கேட்காதீர்கள், ஊருக்குள் பத்தில் எட்டு அப்படித்தான். எக்ஸாஸ்ட் மேனிபோல்டைக் கழற்ற வேண்டும். நட்டு அசையவில்லை. பையன் ஸ்பேனரில் நாலடிக் குழாயைச் சொருகினான், தொங்கினான், 'டக்'. ஸ்டட் ஹெட்டோடு ஹெட்டாக முறிந்தது. "அதனால என்னாண்ணே, டிரில் போட்டு எடுத்துரலாம்" என்றார் மேஸ்திரி. ஸ்டட் எஃகு, சுற்றி இருப்பது வார்ப்பிரும்பு. டிரில் நடுவில் நிற்காமல் மெத்தான பக்கம் நழுவி ஓட்டை கோணலாகிவிட்டது. மரை போச்சு. அடுத்த யோசனை என்ன தெரியுமா? "இந்த ஹெட்டு ஆகாது. பேசாம ஒரு டீசல் எஞ்சின் ஏத்திருவோம், மைலேஜும் கிடைக்கும்."

பத்து ரூபாய் நட்டு, 50 வருஷ எஞ்சினைக் காலி செய்யப் பார்த்தது!

இதில் எனக்குக் கோபம் வருவது உடைந்ததற்காக இல்லை. துருப்பிடித்தால் சில உடையத்தான் செய்யும். 'உடைஞ்சாத்தான் என்ன, புதுசு போட்டுக்கலாம்' என்ற அந்தத் தெனாவட்டுதான். அதையும் 'அனுபவம்' என்கிறார்கள். அனுபவம் இருந்தால் முதலில் தெரிந்திருக்க வேண்டியது, அந்த இடத்தில் எஃகு நட்டே இருந்திருக்கக் கூடாது என்பது. பழைய இங்கிலீஷ் கார்களில் எக்ஸாஸ்ட் பக்கம் பித்தளை நட்டு போடுவது வழக்கம். பித்தளை துருப்பிடித்து எஃகைக் கவ்வாது, பின்னொரு நாள் எவனோ ஒருத்தன் கழற்றுவான் என்று யோசித்துப் போட்டது. நடுவில் யாரோ ஒரு புண்ணியவான் பித்தளை தொலைந்ததும் கையில் கிடைத்த எஃகு நட்டைப் போட்டு இறுக்கிவிட்டார்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். போல்ட்டை முறுக்கும்போது நாம் கொடுக்கிற விசையில் சுமார் 10 சதவீதம்தான் அதை இழுத்துப் பிடிக்கப் போகிறது. மீதி 90 சதவீதத்தையும் உராய்வு தின்றுவிடும். இது எண்ணெய் போட்ட புது போல்ட்டுக்கே. துரு என்பது தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கிற சமாச்சாரம். மரைக்குள் அது உப்பினால் ஆப்பு அடித்த மாதிரி. அப்போது நாலடிக் குழாயைப் போட்டால், துரு விடுவதற்கு முன்னால் ஸ்டட்டின் கழுத்து முறுக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே வேண்டியது கூடுதல் பலம் இல்லை, குறைவான உராய்வு. இதற்கு எஞ்சினியரிங் படிக்க வேண்டியதில்லை, ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கும் அம்மாவுக்கே தெரியும். சுடுதண்ணீரில் காட்டுவார், ஓரத்தில் இரண்டு தட்டு தட்டுவார்.

பிறகு வேறொரு பெரியவரிடம் வண்டி போனது. அவர் முதலில் கேட்டது, "தம்பி, அவசரமா?" இல்லை என்றோம். "அப்ப இன்னிக்கு நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கம்பி பிரஷ்ஷால் நட்டுகளைத் தேய்த்து எண்ணெய் விட்டதோடு சரி. மறுநாளும் அதே. கூடவே சின்னச் சுத்தியலால் நட்டின் தலையில் தட்டல். பலமாக இல்லை, கதவைத் தட்டுகிற மாதிரி, அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். மூன்றாம் நாள்தான் ஸ்பேனர். அதையும் கழற்றும் பக்கம் திருப்பவில்லை, முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை. பிறகு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். வராத இரண்டுக்கு மட்டும் கேஸ் தீயால் நட்டை (ஸ்டட்டை இல்லை, நட்டை) சூடாக்கி, மெழுகுவர்த்தியை ஒற்றினார். உருகின மெழுகு மரைக்குள் ஓடிவிட்டது. இரண்டும் கையோடு வந்தன. முறிந்த ஸ்டட் ஓட்டையை லேத் பட்டறையில் நேராக்கி, பெரிதாக்கி, உள்ளே புதிய மரை வைத்துச் சரிசெய்தார்கள். பழைய எஞ்சின் பழைய எஞ்சினாகவே இருக்கிறது.

இங்கே சில 'நெட் நிபுணர்களையும்' கவனிக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் டபிள்யூடி-40 அடி என்பார்கள். அந்தப் பெயரின் அர்த்தமே 'தண்ணீரை விலக்க 40-வது முயற்சி' என்பதுதான், 1953-ல் ஈரத்தை விரட்டச் செய்தது. ஊடுருவும் எண்ணெய் தனிச் சரக்கு. ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி கலந்தால் நன்றாக வேலை செய்யும், ஆனால் அசிட்டோன் கப்பென்று பற்றும், அதை விட்ட இடத்தில் தீயைக் காட்டாதீர்கள். பெட்ரோல் டேங்க், பிரேக் பைப் பக்கமும் அப்படியே. இன்னொரு மேதாவித்தனம், முறிந்த போல்ட்டுக்குள் 'ஈசி அவுட்' விட்டு முறுக்குவது. பெயரில்தான் ஈசி. அது கடினப்படுத்திய எஃகு, உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதைத் தொடாது.

அலுமினியமோ பித்தளையோ ஆன சின்னப் பாகத்துக்குள் எஃகு முறிந்துவிட்டதா? நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் வாங்குங்கள். சூடான படிகாரத் தண்ணீரில் போட்டு வைத்தால் எஃகை மெதுவாகக் கரைக்கும், பித்தளையை விட்டுவிடும். கடிகாரம் பழுது பார்ப்பவர்களின் பழைய வித்தை இது. ஷேவிங் வெட்டுக்குத் தடவுகிற அதே படிகாரம்!

ஸ்பேனர் விஷயம் இன்னும் கொடுமை. பழைய பெட்ரோல் அம்பாசடர் முழுக்க இன்ச் மரை. 1990-களில் இசுஸு எஞ்சின் போட்டு வந்த அம்பாசடரில் எஞ்சின் மட்டும் மெட்ரிக். ஒரே வண்டிக்குள் இரண்டு பாஷை. ஃபியட் என்றால் மெட்ரிக். நம் பட்டறைகளில் இதெல்லாம் பார்ப்பதில்லை. அரை இன்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர். அதற்கு 13-ஆம் நம்பர் ஸ்பேனரைப் போட்டு ஆட்டினால் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி மூலையைத் தின்றுவிடும். மூலை போன பிறகு உளி, உளி போன பிறகு கேஸ் கட்டிங். 19 நம்பர் மட்டும் முக்கால் இன்ச்சுக்குப் பொருந்தும் (19.05), அந்த அதிர்ஷ்டத்தை எல்லாவற்றுக்கும் நம்புகிறார்கள். பழைய வில்லிஸ் ஜீப்பில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடது மரை. அது தெரியாமல் இரண்டு பேர் ஏறி நின்று இறுக்கி இறுக்கியே முறிப்பார்கள்.

இத்தனைக்கும் இது மதுரை. 1911-ல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மோட்டார் தொழிலைத் தொடங்கிய ஊர். அந்தக் குழுமத்திலிருந்து வந்த சுந்தரம் ஃபாசனர்ஸ் போல்ட், நட்டு செய்தே பேர் வாங்கியது. மோட்டார் வேலை தெரிந்த கைகளுக்கு இங்கே எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. கடல் உப்புக் காற்றும் இல்லை. ராமேஸ்வரம், தூத்துக்குடியில் நின்ற வண்டியோடு ஒப்பிட்டால் நம் வண்டிகளில் துரு மேலோடுதான். மூன்று நாள் பொறுத்தால் வந்துவிடும்.

அந்த மூன்று நாளைத்தான் யாரும் தருவதில்லை. மேஸ்திரியை இவ்வளவு திட்டினேனே, இப்போது நம் பக்கம் வருகிறேன். பட்டறையில் கூலி வேலைக்கு, நேரத்துக்கு இல்லை. எண்ணெய் விட்டுக் காத்திருந்ததற்கு எந்த ஓனர் காசு கொடுக்கிறார்? "சாயங்காலம் வண்டி வேணும்" என்று காலையிலேயே நின்றது எங்கள் பெரியப்பாதான். குழாய் போட்டு அரை மணியில் முறிப்பவனுக்கும் மூன்று நாள் தடவிக் கொடுத்தவருக்கும் ஒரே கூலி என்றால் எவன் தடவிக் கொடுப்பான்? நம் கல்லூரி ஒர்க் ஷாப்பிலும் அரம் போட்டு ராவச் சொன்னார்கள், வெல்டு வைக்கச் சொன்னார்கள். சேர்க்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள். துருப்பிடித்த ஒரு போல்ட்டைக் கொடுத்து, முறிக்காமல் எடுத்தால் மார்க் என்று நாலு வருஷத்தில் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

அந்தப் பெரியவர் மூன்று நாளுக்குக் கேட்டது முதல் பட்டறை கேட்டதைவிடக் குறைவு. பெரியப்பா அதிலும் பேரம் பேசினார். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.