வன்தட்டு பழுதானால்



கடந்த ஐப்பசி அடைமழையின்போது ஒரே இரவில் பலமுறை மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. மறுநாள் காலையில் பங்கு அலுவலகத்துக் கணினியை இயக்கியபோது, கரிய திரையில் வெள்ளெழுத்துகளாக ஒரு வரி தோன்றியதேயன்றி வேறொன்றும் நிகழவில்லை. நாமும் மூன்று முறை அணைத்து, மூன்று முறை இயக்கிப் பார்த்தோம். நமது முதற்பிழை அதுவே என்பது பின்னர்தான் விளங்கிற்று.

கணினி போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். கடிதங்களும் கணக்குகளும் தாளிலும் உள்ளன. ஆனால் 1931 முதல் 1944 வரையிலான திருமுழுக்குப் பதிவேட்டின் படங்கள் அதற்குள் இருந்தன. கறையான் அரித்த அந்த ஏட்டை 2014-ஆம் ஆண்டில் பக்கம் பக்கமாகப் படமெடுத்தோம். மொத்தம் 318 பக்கங்கள். அடுத்த மழைக்காலத்தில் கூரை ஒழுகி, ஏடு கூழாகிவிட்டது. படம் இருக்கிறதே என்று அன்று ஆறுதல் அடைந்தோம். அப்படங்களுக்கு இன்னொரு படி எடுத்து வைத்தோமா என்றால், இல்லை. இதில் பிறரைக் குறைகூற இடமில்லை, சோம்பல் நம்முடையதே.

ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டு எத்தகைய பொருள் என்பதைச் சற்று அறிந்துகொள்வது நலம். 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் சுழன்றன. எடையோ ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவோ ஐம்பது இலட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்று உள்ளங்கையில் அடங்கும் பெட்டிக்குள், நிமிடத்திற்கு 5,400 முறையோ 7,200 முறையோ தட்டு சுழல்கிறது. அதன்மேல் காந்தத் தலை ஒன்று, ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் சில பங்கே உயரத்தில், தட்டைத் தொடாமல் மிதந்து செல்கிறது. புகைத்துகள்கூட அந்த இடைவெளிக்குப் பெரிது. தலை தட்டில் உரசினால், உரசிய இடத்தில் எழுதியிருந்தது தூளாகிப் போகும். பழுதுற்ற தட்டை மீண்டும் மீண்டும் இயக்குவது ஏன் தீங்கு என்பது இதனால் விளங்கும்.

செய்தி பரவியதும் ஆலோசனைகளுக்குப் பஞ்சமில்லை. "ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வைத்தெடுத்தால் ஓடும், சாமி" என்றான் பூசைக்கு உதவும் சிறுவன். குளிர்ந்த பெட்டியை வெளியே எடுத்ததும் அதனுள் ஈரம் படியும். ஈரம் படிந்த தட்டில் தலை மிதக்காது. திருப்புளியால் மூடியைத் திறந்து பார்க்கலாமே என்றார் உபதேசியார். தூசியை வடிகட்டிய தனி அறையில் வல்லுநர் மட்டுமே செய்யத்தக்க வேலை அது. அதே மாதிரித் தட்டு ஒன்றை வாங்கி, அதன் மின்பலகையை மாற்றிப் பொருத்தலாம் என்றார் நகரத்துக் கடைக்காரர். ஒவ்வொரு தட்டுக்கும் உரிய தனிக்குறிப்புகள் இக்காலப் பலகைகளில் ஒரு சிறு சில்லில் பதிந்திருப்பதால், அந்தச் சில்லையும் மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றுவதில் பெரும்பாலும் பயனில்லை.

நல்வாய்ப்பாக, நம் பங்கைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தார். அவர் முதலில் கேட்ட கேள்வி, "சாமி, டக் டக் என்று சத்தம் வந்ததா?" என்பதுதான். கடிகாரம் போல் தட்டு ஒலித்தால், மேற்கொண்டு இயக்காமல் வல்லுநரிடம் ஒப்படைப்பதே வழியாம். நமது தட்டில் அவ்வொலி இல்லை. கம்பிகளை மாற்றிப் பார்த்தார், பயனில்லை. வேறொரு கணினியில் இணைத்தபோது தட்டின் பெயர் தெரிந்தது. ஆனால் கோப்புகளைத் திறக்க நெடுநேரமாயிற்று. தட்டு தன்னைத்தானே சோதித்து வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்பில், படிக்கவியலாப் பகுதிகளின் எண்ணிக்கை ஏறியிருந்தது. இக்குறிப்பில் குறை தெரியாததை நற்சான்றிதழாகக் கொள்வதற்குமில்லை. கூகுள் நிறுவனத்தார் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பழுதான தட்டுகளுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை எந்த எச்சரிக்கையும் காட்டாமலே நின்றுபோயிருந்தன.

விண்டோஸில் உள்ள செக் டிஸ்க் கட்டளையைக் கொடுக்கலாமா என்று கேட்டோம். கூடவே கூடாது என்று தடுத்தார். அது கோப்பமைப்பைத் திருத்துவதற்காகத் தட்டின்மீதே எழுதும்; நைந்த துணியைத் துவைகல்லில் அடிப்பது போலாகும். அவர் செய்தது வேறு. லினக்ஸில் டிடி ரெஸ்க்யூ என்னும் இலவச நிரலைக் கொண்டு, தட்டு முழுவதையும் புதிய தட்டொன்றில் படியெடுக்கலானார். அது நல்ல பகுதிகளை முதலில் படித்துக்கொள்கிறது. முரண்டு பிடிக்கும் இடத்தை விட்டுக் கடந்து, இறுதியில் திரும்பி வந்து சிறிது சிறிதாக முயல்கிறது. விட்ட இடங்களைக் குறித்து வைப்பதால், இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டு இரவும் ஒரு பகலும் ஆயின. பின்னர் பழைய தட்டை எடுத்து வைத்துவிட்டு, படியிலிருந்தே படங்களை மீட்டார். (எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைச் சேமிப்பில் சுழலும் தட்டு இல்லை. எனினும் அதில் அழித்த கோப்பை மீட்பது பெரும்பாலும் அரிதென்றும் கூறினார்.)

315 பக்கங்கள் முழுமையாகக் கிடைத்தன. மூன்றில் மேற்பாதி தெளிவாகவும் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறமாகவும் உள்ளன. இப்போது மூன்று படிகள் இருக்கின்றன; அவற்றுள் ஒன்றை ஆயர் இல்லத்தில் ஒப்படைத்துள்ளோம்.

அந்த மூன்று பக்கங்களுள் ஒன்று 1937-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சென்ற மாதம் கீழத்தெருப் பெரியவர் ஒருவர் பேரனின் கைத்தாங்கலில் வந்து அதைக் காட்டும்படி கேட்டார். திரையில் தெரிந்த கடைசிப் பெயரைப் படித்துச் சொன்னோம். பக்கத்து வீட்டுத் தோழராம். இருவருக்கும் ஒரே நாளில் திருமுழுக்கு நடந்ததாக அவருடைய தாயார் சொல்லுவாராம். "அதற்கடுத்த பெயர் என்னுடையதுதான், சாமி" என்று அந்தச் சாம்பல் நிறத்தின்மேல் விரலை வைத்தார். பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்களைத் தடுமாறாமல் சொன்னார். நாம் ஒரு புதுக்குறிப்பேட்டில் மையினால் எழுதிக்கொண்டோம்.