எல்குக்கு ஆறரை காணாதாம்!

போன மாதம் ஒரு சாமத்திய வீட்டில் என் தமக்கையின் மகன் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தான். வலது புருவத்துக்கு மேலே பிறை மாதிரி ஒரு வெட்டு. தழும்பின் சிவப்பு இன்னும் மாறவில்லை.

"என்னடா இது?"

"ஸ்கோப் அடிச்சது மாமா. புதுத் துவக்கு. முந்நூறு வின்செஸ்டர் மக்னம். இடி மாதிரி உதைக்கும்."

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வெட்கம் இல்லை, பெருமைதான் இருந்தது. அப்பா வாங்கித் தந்த ஆறரைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். அவன் சொன்ன பதில்தான் என்னை இதை எழுத வைத்திருக்கிறது.

"வித்துப்போட்டன். எல்குக்கு ஆறரை காணாது மாமா. சின்னனாலை சுட்டா மிருகம் காயத்தோட ஓடிப்போயிடும். பாவமெல்லே?"

மேசையைச் சுற்றியிருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். அவர்களில் மூன்று பேர் வாழ்நாளில் துவக்கைத் தொட்டதில்லை.

பெரிய தோட்டாதான் கருணை என்ற இந்தக் கதையை நான் இருபது வருடமாகக் கேட்டு வருகிறேன். துவக்குக் கடையில் கேட்கிறேன், வேட்டைக்காரரின் கோப்பி மேசையில் கேட்கிறேன், இப்போது எங்கள் பிள்ளைகளின் வாயிலும் கேட்கிறேன். இது பொய். பொய் என்பதோடு நின்றாலும் பரவாயில்லை. இந்தப் பொய்யால் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் மிருகங்கள் வயிறு கிழிந்து, கால் முறிந்து, இரவு முழுக்கப் பற்றைக்குள் கிடந்து சாகின்றன.

எல்க் என்றால் வன்னியில் நாங்கள் கண்ட மரையைவிடப் பெரிய மான் சாதி. நன்றாக வளர்ந்த ஆண் 400, 500 கிலோ நிற்கும். நாங்கள் வாழும் நோர்வேயில் வருடத்துக்குப் பல்லாயிரம் எல்குகள் சுடப்படுகின்றன. ஆறரை என்று நாங்கள் சொல்வது 6.5×55 தோட்டாவை. 1894இல் நோர்வே இராணுவம் கிராக்-யோர்கன்சன் துவக்கை ஏற்றபோது கூடவே வந்தது. நோர்வேயும் சுவீடனும் சேர்ந்து தீர்மானித்த தோட்டா அது. 130 வருடமாக இந்த இரண்டு நாட்டுக் காடுகளிலும் எல்க் சுட்டு, குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்த்த தோட்டா. இதைத்தான் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை "காணாது" என்று விற்றிருக்கிறான்.

எங்கள் வேட்டை அணியில் ஓர் அம்மா இருக்கிறார். வயது 74. கணவர் விட்டுப்போன ஆறரைதான் அவர் கையில். அவர் சுட்ட எல்க் ஒவ்வொன்றும் குசினிச் சுவரில் தொங்கும் பழைய கலண்டர்களில் பென்சிலால் குறிக்கப்பட்டிருக்கிறது. நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன், அறுபதைத் தாண்டும். அவர் சுட்டதைத் தேடி நாய் கொண்டு போக வேண்டிய நிலை நான் அணியில் சேர்ந்த பிறகு ஒருமுறைகூட வந்ததில்லை. மருமகனே, அந்த அம்மாவுக்குக் காணும் தோட்டா உனக்கு ஏன் காணாது?

மிருகம் எப்படிச் சாகிறது என்று இவர்கள் ஒருநாளும் யோசிப்பதில்லை. சன்னம் பட்டதும் யாரோ லொறியால் மோதியதுபோல விழ வேண்டும் என்று படங்களில் பார்த்துப் பழகிவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிராம் சன்னம் விநாடிக்கு 700 மீற்றர் வேகத்தில் வந்து 500 கிலோ மிருகத்துக்குள் நின்றுவிட்டால், அந்த உடம்பு தள்ளப்படும் வேகம் விநாடிக்கு 1.4 சென்ரிமீற்றர். எறும்பு ஊரும் வேகம். மக்னத்தின் 11.7 கிராம் சன்னம் பட்டால் அது 2 சென்ரிமீற்றர் ஆகும். இந்த அரைச் சென்ரிமீற்றருக்காகவா புருவத்தைக் கிழித்துக்கொண்டாய்?

எல்கைக் கொல்வது தள்ளுமுள்ளு அல்ல. இரண்டு நுரையீரலையும் ஊடுருவி ஓர் ஓட்டை விழ வேண்டும். நுரையீரல் சுருங்கி, இரத்த அழுத்தம் விழுந்து, மூளைக்கு ஒட்சிசன் போகாமல் நின்றால் சில விநாடிகளில் கதை முடியும். நான் முதல் சுட்ட எல்க் சூடு பட்டதும் அசையவேயில்லை. தவறிவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு ஆறுதலாக நாற்பது அடி நடந்து, முன்கால் மடித்துச் சாய்ந்தது. போய்ப் பார்த்தால் நீலப்பழச் செடியின் இலையெல்லாம் இளஞ்சிவப்பு நுரை, பால் பொங்கித் தெறித்ததுபோல. அந்த நுரையைக் கண்டால் வேட்டைக்காரன் மூச்சு விடலாம். அது நுரையீரல் இரத்தம். பக்கவாட்டில் நிற்கும் எல்கில் அந்த இடம் ஒரு சுளகு அளவுக்கு இருக்கும். சுளகுக்குள் போட்டால் ஆறரை போதும். சுளகுக்கு வெளியே போட்டால் எந்த மக்னமும் போதாது.

அடுத்த சனிக்கிழமை மருமகனைச் சுடுதிடலுக்குக் கூட்டிப் போனேன். அவனைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, அவனுடைய துவக்குக்குள் இரண்டு நல்ல தோட்டாவும் நடுவில் சுட்டு முடிந்த வெறும் கோது ஒன்றும் போட்டேன். முதல் வெடி வெடித்தது. இரண்டாவதுக்கு விசையை இழுத்தான். "டிக்" என்ற சத்தம் மட்டும் கேட்டது. வெடி இல்லை, உதையும் இல்லை. ஆனால் குழல் நுனி மூன்று விரல் கீழே குத்தியது, தோள் முன்னுக்குப் பாய்ந்தது, கண் இரண்டும் இறுக மூடியிருந்தன. அவன் வாயைத் திறக்கவில்லை. அவனுடைய உடம்பு அந்தத் துவக்குக்குப் பயப்படுகிறது, அவ்வளவுதான். மக்னத்தின் உதை ஆறரையினுடையதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பயந்து இழுத்த விசை சன்னத்தைக் கீழே கொண்டுபோகும். கீழே இருப்பது எல்கின் வயிறும் காலும்.

பிறகு என்னுடைய ஆறரையைக் கொடுத்தேன். ஐந்து சூட்டில் நாலு ஒரு தேநீர்த் தட்டுக்குள் விழுந்தன. அதே பையன், அதே கண், அதே காலை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நோர்வேயில் எல்குக்கு விரியும் சன்னம்தான் பாவிக்கலாம். சன்னம் 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் 100 மீற்றரில் 2,200 யூல் சக்தி இருக்க வேண்டும். 9 முதல் 10 கிராம் வரை என்றால் 2,700 யூல். ஆறரையின் 10.1 கிராம் சன்னம் அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கிறது. அதற்கு மேலே போவதெல்லாம் விற்பவனுக்கும் வாங்குபவனின் நெஞ்சு நிமிர்வுக்கும் மட்டும்தான் தேவை. இதே சட்டம் இன்னொன்றும் கேட்கிறது: ஒவ்வொரு வருடமும் 30 பயிற்சிச் சூடு, பிறகு 100 மீற்றரில் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஐந்துக்கு ஐந்து. அந்த 30 சூட்டையும் வேண்டாவெறுப்பாய், ஒரே பின்னேரத்தில், கடைசிக் கிழமையில் சுட்டு முடிப்பவர்கள்தான் தோட்டா அளவைப் பற்றி மணிக்கணக்காய்ப் பேசுகிறார்கள். ஸ்கோப்புக்குச் சம்பளத்தில் பாதியைக் கொடுப்பார்கள், பயிற்சித் தோட்டா ஒரு பெட்டி வாங்கக் கை வராது. மக்னம் வைத்திருப்பவன் பயிற்சிக்கு வராததற்கு நியாயமும் உண்டு: பத்தாவது சூட்டில் தோள் கன்றிவிடும். அந்த அம்மா கோடை முழுக்க வியாழக்கிழமை தோறும் வந்து இருபது சூடு சுட்டுவிட்டு, சைக்கிளில் வீட்டுக்குப் போகிறார்.

இந்தப் பெரிசுப் பைத்தியம் துவக்கோடு நின்றால் நான் இவ்வளவு சூடாக மாட்டேன். ஊசி போடாத டொக்டர் டொக்டரே இல்லை என்று நம்பி வளர்ந்த சனம் நாங்கள். காய்ச்சலுக்குத் தண்ணீரும் ஓய்வும் போதும் என்று சொன்னால் "இவனுக்கு ஒண்டும் தெரியாது" என்று அடுத்த டொக்டரிடம் போவோம். சாமத்திய வீட்டு மண்டபத்தில் ஆள் உயர ஒலிபெருக்கி வைத்து, பக்கத்துக் கதிரைக்காரனோடு பேச முடியாமல் பண்ணுவோம். இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு ஏழு பேர் போகும் கார். எது போதுமானது என்று கேட்கும் பழக்கமே எங்களை விட்டுப் போய்விட்டது. கைத்தொலைபேசியில் வேட்டைப் படம் பார்க்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு நஞ்சும் ஏறுகிறது: 600 மீற்றரில் எல்கைச் சுடுவது திறமையாம். எங்கள் காட்டில் அநேகமான சூடு 100 மீற்றருக்குள்தான். 600 மீற்றரில் சன்னம் போய்ச் சேருவதற்குள் மிருகம் ஓர் எட்டு வைத்தால் போதும், நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் விழும்.

பெல்லை இங்கே சொல்லாமல் விட முடியாது. கரமோஜோ பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1880இல் பிறந்தவர், ஆபிரிக்காவில் தந்தத்துக்காக ஆயிரம் யானைக்கு மேல் கொன்றவர். அவற்றில் பெரும்பங்கை 7×57 தோட்டாவால் கொன்றார். அது எங்கள் ஆறரையின் அண்ணன் மாதிரி. ஆட்கொல்லியான சம்பாவத் புலியைக் கொன்றதற்காக வேட்டைக்காரர் ஜிம் கோர்பெற்றுக்குப் பரிசாகக் கிடைத்த துவக்குக்கும் அதே தோட்டாதான், ஆங்கிலேயர் வைத்த பெயர் மட்டும் வேறு. பெல்லை நான் கும்பிட மாட்டேன். அது வேட்டை அல்ல, தந்த வியாபாரம். ஆனால் யானையின் மண்டையோட்டை வாளால் அறுத்து, மூளை எந்த இடத்தில் இருக்கிறது என்று படித்த மனிதன் அவர். எத்தனை மக்னம்காரர் எல்கின் நுரையீரல் எங்கே முடிகிறது, குடல் எங்கே தொடங்குகிறது என்று உரிக்கும்போது குனிந்து பார்த்திருக்கிறார்கள்? தோட்டாவைத் தெரிவுசெய்வது என்றால் அதைப் பார்க்க வேண்டும். சன்னம் எலும்பில் பட்டுச் சிதறுமா, சேர்ந்து நின்று உள்ளே போகுமா என்று பார்க்க வேண்டும். மெல்லிய உறை போட்ட சன்னத்தை மக்னம் வேகத்தில் அறுபது மீற்றரில் தோள்பட்டைக்குள் விட்டால் அது உள்ளே போகாமலே உடைந்து, முன்சப்பை முழுவதும் இரத்தம் கட்டிய களியாகிவிடும். அந்த இறைச்சியைக் கொட்டத்தான் வேண்டும். அந்த அம்மாவின் ஆறரை பட்ட இடத்தில் கையளவு இறைச்சிகூட வீணாவதில்லை.

என் ஐயா வன்னியில் பன்னிரண்டு போர் துவக்கு வைத்திருந்தார். ஒருநாள் இருட்டில், தூரத்தில் நின்ற மரைக்கு எஸ்.ஜி. தோட்டா வெடித்தார். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய தோட்டா அன்றைக்கு இருக்கவில்லை. மரை விழவில்லை. மூன்று நாள் தேடினோம். நாலாம் நாள் பருந்து வட்டமிட்டதைக் கண்டு போனால், குளக்கட்டுக்கு அந்தப்பக்கம் புழு வைத்துக் கிடந்தது. ஐயா தலைத்துண்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். அதற்குப் பிறகு முப்பது அடிக்கு அப்பால் நின்ற எந்த மிருகத்துக்கும் அவர் துவக்கு நீட்டியதை நான் காணவில்லை. பெரிய தோட்டா வேண்டும் என்று ஐயா அன்றைக்குச் சொல்லவில்லை. கிட்டப் போகவேண்டும் என்றுதான் சொன்னார்.

போன ஒக்ரோபரில் பக்கத்து அணிக்காரர் ஒருவர் மக்னத்தால் ஓர் எல்கைச் சுட்டார். அறுபது மீற்றர், பக்கவாட்டில் நின்ற மிருகம். சுட்ட இடத்தில் பாசியின் மேல் பச்சையாய்க் குழைந்த இரை கிடந்தது. வயிற்றுக் காயம். உடனே பின்னால் போனால் மிருகம் எழும்பி இன்னும் தூரம் ஓடும் என்பதால் மணிக்கணக்காய்க் காத்திருந்து, பிறகு தேடும் நாயோடு போனோம். இருட்டிவிட்டது. அடுத்தநாள் விடியத்தான் ஓடைக்கரையில் கண்டோம். தலையை எங்கள் பக்கம் திருப்பியது. அப்போதும் உயிர் இருந்தது. சுட்டவர் அதைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? அடுத்த வருடம் இன்னும் பெரிய துவக்கு வாங்க வேண்டுமாம். எனக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும்போல இருந்தது. விறகுக் கொள்ளி அளவு தோட்டா போட்டாலும் வயிறு வயிறுதான்!

மருமகனே, உன்னைப்போல மக்னம் வாங்க நினைக்கும் மற்றப் பிள்ளைகளே, எல்க் வேட்டை செப்டெம்பர் 25இல் தொடங்குகிறது. அதற்கு முன்னால் வியாழக்கிழமைகள் நிறைய இருக்கின்றன. அந்த மக்னத்தை வந்த விலைக்கு விற்றுப்போடுங்கள். ஆறரை வாங்கும் வரைக்கும் சுடுதிடலில் என்னுடையது இருக்கிறது. முதல் இருநூறு தோட்டா என் செலவு. அந்த அம்மாவும் வருவார்; அவருக்குப் பக்கத்துப் பாயில் படுத்துச் சுடுங்கள்.