சுற்றில் ‘இடையகம்’ பொருந்துமா? – கலைச்சொல்லாக்கம் குறித்த ஒரு கருத்துரை

ஆங்கிலத்தில் ‘பஃபர்’ என வழங்கும் ஒரே சொல் மூன்று துறைகளில் மூன்று பொருள் தருகின்றது. வேதியியலில் அது கரைசலின் அமிலத்தன்மை எளிதில் மாறாமற் காப்பது. தமிழ்ப் பாடநூல்கள் ‘தாங்கல் கரைசல்’ என்கின்றன. கணினியியலில் தரவைச் சிறிதுநேரம் தேக்கிவைக்கும் நினைவகப் பகுதி; இதற்கு ‘இடையகம்’ என்னும் சொல் வழங்குகின்றது. மின்னணுச் சுற்றிலோ அது எதனையும் தேக்குவதில்லை. உள்ளீட்டிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டமே பெற்று, மின்வழங்கியிலிருந்து எடுத்த பெரிய மின்னோட்டத்தைச் சுமைக்கு அளிப்பதே அதன் பணி. இவ்வுறுப்பையும் ‘இடையகம்’ என்பது பொருந்தாது என்பதே இவ்வுரையின் கருத்து.

சொல்லில் நேரும் பிழை சுற்று மாதிரியிலும் பிழையாகும். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஃபாஸீ திட்டம் வழங்கும் ‘ஈசிம்’ என்னும் கட்டற்ற மென்பொருள் ‘என்ஜிஸ்பைஸ்’ நிரலைக் கொண்டு சுற்றுகளைக் கணிக்கின்றது. அங்குத் தொடர்ச் சைகையும் இலக்கச் சைகையும் நேரே இணைவதில்லை. இடையே ஒரு பாலம் வேண்டும். 5 வோல்ட்டில் இயங்கும் டிடிஎல் சுற்றில் உள்ளீடு 0.8 வோல்ட்டுக்கு மேற்படாதாயின் 0, 2.0 வோல்ட்டுக்குக் குறையாதாயின் 1. இடைப்பட்டது அறுதியிலா நிலை. பாலம் அதனை அவ்வாறே காட்டுதல் வேண்டும். ‘இடையகம்’ எனக் கற்ற மாணவரோ, உறுப்பு முந்தைய மதிப்பைத் தேக்கிவைத்திருக்கும் என எதிர்பார்ப்பார். அது வேறு சுற்றின் இயல்பு.

இவ்வேறுபாடு தமிழ் நிலத்துக்குப் புதிதன்று. உத்திரமேரூரின் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்தைத் தனியே பெயர்சுட்டுகின்றன. அவ்வட்டாரத்துப் பெருநகர் உழவரும் ஏரி வேறு, மதகு வேறு என்பதை அறிவர். நீரைச் சேர்த்துவைப்பது ஏரி. அளவறிந்து விடுவது மதகு. மதகைத் திறக்கும் கைவிசை சிறிது. பாயும் நீரோ ஏரியினது. சுற்றிலும் உள்ளீடு கைவிசை, மின்வழங்கி ஏரி. ஆகவே ‘மதகுச் சுற்று’ என்பது பணியை உள்ளவாறு உணர்த்தும். சிறிதே திறக்கும் மதகு தொடர்ச் சைகைக்குப் பொருந்தும். முழுதும் திறத்தல் அல்லது மூடல் என்னும் இரு நிலைக்கு ‘இலக்க மதகு’ எனலாம்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழிப் பொறியியலைக் குடிசார், இயந்திரவியல் பிரிவுகளில் தொடங்கியது. மின்னணுவியலையும் அவ்வாறு கற்பிக்க வேண்டுமெனில், ஆங்கிலச் சொல்லுக்கு நிகர் தேடுவது போதாது. உறுப்பின் பணிக்குப் பெயரிடல் வேண்டும். அதற்குத் தமிழறிஞரும் பொறியியலாளரும் ஒரே மேசையில் அமர்தல் இன்றியமையாதது.